என்ஜின் ஆயிலை மாற்ற 10 ஆயிரம் கி.மீ. வரை காத்திருக்கலாமா? சென்னை கார்க்காரர்கள் கவனிக்க!

ரூ.2 ஆயிரம் செலவைத் தள்ளிப்போட்டார். ரூ.62 ஆயிரத்துக்கு பில் வந்தது!

வேறு யாருமல்ல. இந்த நிருபரின் அக்காள் கணவர்தான்.

குரோம்பேட்டையில் வீடு. சர்க்கார் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். 2020-ம் ஆண்டு கடைசியில் பழைய கார் ஒன்றை வாங்கினார். சின்ன கார். பெட்ரோலில் ஓடுவது. விற்றவர் நல்ல மனுஷன். புது ஆயில் ஊற்றித்தான் கொடுத்தார்.

காருக்கு என்ன வேலை? காலையில் மகளை ரெயில் நிலையத்தில் கொண்டுபோய் விட வேண்டும். மாலையில் போய் அழைத்து வர வேண்டும். போக 3 கிலோ மீட்டர். வர 3 கிலோ மீட்டர். ஆக ஒரு நாளைக்கு 12 கிலோ மீட்டர். ஞாயிற்றுக்கிழமை காருக்கும் லீவு.

"மாமா, ஆயில் மாத்தினீங்களா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டதுண்டு.

"10 ஆயிரம் ஆகட்டும்டா. புஸ்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கு. இன்னும் 9 ஆயிரமே ஆகலே" என்பார்.

கம்பெனி கொடுத்த புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. பொய் இல்லை. ஆனால் மாமா படித்தது பாதி வரி. மீதிப் பாதியில் இருந்தது இது: "அல்லது 12 மாதம். இரண்டில் எது முந்துகிறதோ அப்போது".

அந்தப் பாதி வரிக்குத்தான் ரூ.62 ஆயிரம்!

சிவப்பு விளக்கு

2023-ம் ஆண்டு மே மாதம். கிண்டியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். மண்டையைப் பிளக்கும் வெயில். ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரத்தைத் தாண்டும்போது மீட்டர் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய் விடும் கிண்டி மாதிரி ஒரு படம். அதன் மூக்கில் ஒரு சொட்டு.

"என்னங்க இது?" என்றாள் அக்காள்.

"ஆயில் மாத்தணும்னு சொல்லுது. வீடு பக்கத்திலே வந்தாச்சே, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார் மாமா.

'டக்... டக்... டக்...' என்று சத்தம் கேட்டது. கொஞ்ச தூரத்தில் அந்தச் சத்தமும் இல்லை. கார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் 'ணங்' என்று ஒரே ஒரு ஒலி.

என்ஜின் இறுகிவிட்டது!

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சிவப்பு விளக்கு "ஆயில் மாற்று" என்று நினைவூட்டும் விளக்கு அல்ல. உள்ளே ஆயில் அழுத்தம் இல்லை, பேரிங்குக்கு ஆயில் போகவில்லை என்பதற்கான அபாய விளக்கு. எரிந்தால் ஓரம் கட்டி உடனே என்ஜினை நிறுத்த வேண்டும். வீடு பக்கமாக இருந்தாலும் சரி, அடுத்த தெரு ஆனாலும் சரி. கட்டி இழுக்கும் கூலியோடு போயிருக்க வேண்டியது, ஓட்டியதால் கிராங்க் வரை போய்விட்டது.

அல்வா!

மறுநாள் ஒர்க்ஷாப்பில் நிருபரும் கூட இருந்தார். மெக்கானிக் என்ஜினின் மேல் மூடியைக் கழற்றினார். கழற்றியவர் பேசவில்லை. எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

உள்ளே ஆயிலே தெரியவில்லை. கருப்பாக, கட்டியாக, அல்வா மாதிரி ஒரு பொருள் அப்பிக் கிடந்தது. ஸ்குரூ டிரைவரால் கிளறினால் வில்லை வில்லையாக வந்தது. அடியில் ஆயில் உறிஞ்சும் வலையை அந்த அல்வா அடைத்துவிட்டிருந்தது. 3 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வடித்தபோது கிடைத்தது ஒரு லிட்டருக்குச் சற்று மேல்.

"வண்டி அதிகமா ஓடவே இல்லையேப்பா" என்றார் மாமா. குரல் கம்மிவிட்டது.

"ஓடினதாலே கெடலே சார். ஓடாததாலே கெட்டிருக்கு" என்றார் மெக்கானிக்.

மாமாவுக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் நிருபருக்கும் அன்று முழுசாக விளங்கவில்லை. கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டது பிறகுதான்.

பெட்ரோலில் இருந்து தண்ணீர்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியவில்லையா? காலையில் பக்கத்து வீட்டுக் காரை ஸ்டார்ட் செய்யும்போது புகைக் குழாயில் இருந்து சொட்டுச் சொட்டாக விழுவதைப் பாருங்கள். அந்தத் தண்ணீர்தான்.

அதில் பெரும் பகுதி ஆவியாகி வெளியே போய்விடுகிறது. கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்கின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கிறது. குளிர்ந்த என்ஜினுக்கு பெட்ரோலும் கூடுதலாகப் பாயும். எரியாத பெட்ரோலும் அதே வழியாகக் கீழே இறங்கும்.

நீண்ட தூரம் ஓடினால் கவலை இல்லை. ஆயில் நன்றாகச் சூடேறி, கலந்த தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகிப் போய்விடும். 3 கிலோ மீட்டரில் என்ன சூடு ஏறும்? மீட்டரில் என்ஜின் சூடு ஏறியதாகக் காட்டும். அது ரேடியேட்டர் தண்ணீரின் சூடு. ஆயில் சூடேற அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

"சென்னை வெயிலில் ஆயில் சூடாகாதா?" என்று கேட்கலாம். நமது வெயில் 40 டிகிரி. ஆயில் தன்னிடம் உள்ள ஈரத்தை விரட்ட வேண்டுமானால் 90, 100 டிகிரியை ஒட்டி வர வேண்டும். வெயில் மட்டும் போதாது.

ஆக மாமாவின் கார் இரண்டரை வருஷமாக தினமும் நாலு தடவை கொஞ்சம் தண்ணீரைக் குடித்தது. ஒரு தடவைகூட அதைக் கக்கவில்லை. ஆயிலில் அழுக்கைக் கரைத்து வைத்துக்கொள்ளும் மருந்து, அமிலத்தை முறிக்கும் மருந்து எல்லாம் கம்பெனியிலேயே சேர்த்துத்தான் வருகிறது. அந்த மருந்துகள் தீர்ந்தன. பிறகு மிஞ்சியது அல்வா.

கிலோ மீட்டர் காட்டாத கணக்கு

குட்டித் தூரம் போகிறவர்கள் கதை இது. தினமும் தாம்பரத்தில் இருந்து பாரிமுனை வரை ஓட்டுகிறவர்கள் கதை என்ன? ஆயில் நன்றாகச் சூடேறுகிறது. ஈரம் போய்விடுகிறது. அவர்கள் 10 ஆயிரம் வரை போகலாமா?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

திருச்சி ரோட்டில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறவர் 10 ஆயிரம் கி.மீ. ஓட்ட ஏறக்குறைய 167 மணி நேரம் பிடிக்கும். அதே 10 ஆயிரத்தை நகருக்குள் மணிக்கு சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஓட்டினால்? 500 மணி நேரம்!

மீட்டரில் இரண்டும் ஒன்றுதான். என்ஜின் ஓடிய நேரம் மூன்று மடங்கு.

சிக்னலில் நிற்கும்போது சக்கரம் சுற்றவில்லை. ஆனால் என்ஜின் சுற்றுகிறது. ஏ.சி. ஓடுகிறது. ஆயில் உழைக்கிறது. கிலோ மீட்டர் மட்டும் ஏறவில்லை. கத்திப்பாராவில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

டிராக்டர்காரர்களும் ஜெனரேட்டர்காரர்களும் இதை என்றோ புரிந்துகொண்டவர்கள். அவர்களுக்குக் கிலோ மீட்டரே கிடையாது. மணிக் கணக்குதான்.

அப்படியானால் எப்போது மாற்றுவது?

இன்றையப் பெட்ரோல் கார்கள் பலவற்றின் புத்தகத்தில் 10 ஆயிரம் கி.மீ. அல்லது ஒரு வருஷம் என்று இருக்கும். சிலவற்றில் 15 ஆயிரம்கூட உண்டு. ஆனால் அதே புத்தகத்தில் பின்பக்கம் பொடி எழுத்தில் இன்னொரு அட்டவணை இருக்கும். 'கடுமையான உபயோகம்' என்று அதற்குப் பெயர். குட்டித் தூரம் அடிக்கடி போவது, நின்று நின்று போவது, தூசி, கடும் வெயில், டாக்சி ஓட்டம் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். அதைப் படித்தால் சென்னையைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கிறது! அந்த அட்டவணையில் பல கார்களுக்குக் கெடு பாதியாகக் குறைந்துவிடும். 5 ஆயிரம் கி.மீ. அல்லது 6 மாதம்.

எனவே ஊருக்குள்ளேயே சுற்றுகிற கார், மாமாவின் கார் மாதிரி ரெயில் நிலையம் வரை போய் வருகிற கார், இவற்றுக்கு 6 மாதத்துக்கு ஒரு தடவை. மீட்டரில் 2 ஆயிரம்தான் ஏறியிருந்தாலும் சரி. வாரா வாரம் வெளியூர் போகிறவர், நெடுஞ்சாலையிலேயே ஓட்டுகிறவர், அவர் தாராளமாகப் புத்தகத்தின் 10 ஆயிரத்துக்குப் போகலாம். அவருக்கு முன்கூட்டி மாற்றுவது வீண் செலவு. கால் டாக்சி டிரைவருக்கு மாதக் கணக்கு உதவாது. 10 ஆயிரம் இரண்டே மாதத்தில் ஓடிவிடும். 5 ஆயிரத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்வது பத்திரம். அவருக்கு என்ஜின்தான் சோறு போடுகிறது.

கியாசில் ஓடும் கார்களுக்கு ஒரு வார்த்தை. அதில் ஆயில் சீக்கிரம் கறுக்காது. தேன் மாதிரியே இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. நிறம் மாறாவிட்டாலும் ஆயில் கிழடாகிக்கொண்டுதான் இருக்கிறது.

டீசல் காரில் நேர் எதிர். ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். புகைக் கரியை ஆயில் வாங்கி வைத்துக்கொள்கிறது. அதன் வேலையே அதுதான். 2020-ம் ஆண்டு ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புகைக் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி அவற்றில் உண்டு. குட்டித் தூரமே போனால் அந்த வடிகட்டி சரியாக எரிக்காமல், டீசல் இறங்கி ஆயில் அளவு ஏறும். ஆயில் குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் ஒர்க்ஷாப்புக்குப் போக வேண்டும்.

"3 ஆயிரம்தான் சார் கணக்கு"

இதற்கு நேர் மாறான ஆட்களும் இருக்கிறார்கள்.

"3 ஆயிரத்துக்கு ஒரு தடவை மாத்திடணும் சார்" என்று அடித்துச் சொல்லும் மெக்கானிக்குகள் இன்றும் உண்டு. அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. அம்பாசடரிலும் பத்மினியிலும் தொழில் படித்தவர்கள். நமது வண்டலூர் பக்கத்திலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் கை வைத்தவர்கள்.

அந்தக் கார்களில் கார்புரேட்டர். காலையில் சோக்கை இழுத்தால் பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். அன்றைய ஆயிலில் இன்று போல மருந்துச் சேர்க்கையும் கிடையாது. அந்தக் காருக்கு அந்தக் கணக்கு சரி. அம்பாசடர் உற்பத்தி 2014-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. கணக்கு மட்டும் நிற்கவில்லை!

இன்றைய காருக்கு 3 ஆயிரத்தில் மாற்றினால் என்ஜினுக்கு ஒரு கெடுதலும் வராது. பர்சுக்குத்தான் வரும்.

எந்த ஆயில்?

"கெட்டியான ஆயிலா ஊத்துப்பா, அப்பதான் வண்டி நிக்கும்" என்பது இன்னொரு பழைய பேச்சு. இது தவறு. இன்றைய என்ஜின்களில் இடைவெளி முடி அளவு. அதற்கென்று தண்ணீராக ஓடும் ஆயில்தான் வேண்டும். 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்று டப்பாவில் போட்டிருக்கும். முதல் எண் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதற்கு. உங்கள் கார் புத்தகத்தில் எந்த எண் போட்டிருக்கிறதோ அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். 20டபிள்யூ-40 அம்பாசடர் காலத்து வண்டிகளுக்கு அமிர்தம். புது காருக்கு ஆகாது.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனாலும் சரி, தெரு முனைக் கடைக்குப் போனாலும் சரி. சீல் உடையாத டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். பில் கேளுங்கள். உங்கள் கண் எதிரே உடைத்து ஊற்றச் சொல்லுங்கள். காலி டப்பாவை விட்டுவிட்டு வராதீர்கள். வாயைக் கிழித்துவிட்டுப் போடுங்கள். முழு டப்பா எங்கிருந்து முளைக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஆயிலோடு பில்ட்டரையும் மாற்ற வேண்டும். "பில்ட்டர் அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றால் குளித்துவிட்டு அழுக்கு வேட்டியைக் கட்டிக்கொண்ட கதைதான்.

ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மோட்டார் சைக்கிளில் ஒரே ஆயில் என்ஜினையும் கவனிக்கிறது, கியரையும் கவனிக்கிறது, கிளச்சையும் கவனிக்கிறது. இருப்பதோ பெரும்பாலும் ஒரு லிட்டர்தான். அதனால் கெடு இன்னும் சீக்கிரம் வரும். வீட்டில் கார் ஆயில் மிச்சம் இருக்கிறது என்று அதில் ஊற்றிவிடாதீர்கள். கிளச் வழுக்கும்.

கம்பியை உருவிப் பாருங்கள்

மாமா ரூ.2 ஆயிரம் செலவழிக்காததைக்கூட மன்னிக்கலாம். இரண்டரை வருஷத்தில் ஒரு தடவைகூட ஆயில் கம்பியை உருவிப் பார்க்கவில்லை. அதற்குக் காசே கிடையாது!

சமமான தரையில் காரை நிறுத்த வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டு 10 நிமிஷம் விட வேண்டும். மேலே ஏறிய ஆயில் கீழே இறங்க வேண்டுமே. கம்பியை உருவி, பழைய பனியன் துணியால் துடைத்து, மறுபடி முழுசாகச் செருகி, மறுபடி உருவிப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு லிட்டர். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு.

நிறத்தைவிட இந்த அளவு முக்கியம். ஒரே ஒரு நிறத்துக்கு மட்டும் பயப்பட வேண்டும். ஆயில் பால் காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்யவே கூடாது.

2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்திலும், 2023-ம் ஆண்டு டிசம்பர் 'மிச்சாங்' புயல் மழையிலும் முங்கிய கார்களில் பார்த்த நிறம் அது. தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைத் திருப்பியவர்கள் உண்டு. திருப்பாமல் கட்டி இழுத்துக்கொண்டு போய், ஆயிலை வடித்து, சுத்தம் செய்து, புதுசு ஊற்றியவர்களின் என்ஜின்தான் பிழைத்தது. மழைக் காலம் வருமுன் இதை வீட்டில் கார் ஓட்டும் எல்லோரிடமும் சொல்லி வைப்பது நல்லது.

வடித்த ஆயில் எங்கே?

மாற்றியாகிவிட்டது. பழைய ஆயில் எங்கே போகிறது? இதை யாரும் கேட்பதில்லை. மழைநீர்க் கால்வாயில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கதவுக்குப் பூசினால் கரையான் வராது என்று எடுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். 2016-ம் ஆண்டு வந்த மத்திய அரசு விதிகளின்படி அது அபாயக் கழிவு. சேகரித்து, அங்கீகாரம் பெற்ற இடத்தில் சுத்திகரிக்கத்தான் கொடுக்க வேண்டும். வீட்டு வாசலில் நீங்களே ஆயில் மாற்றினால், பழசை டப்பாவில் பிடித்து ஒர்க்ஷாப் டிரம்மில் சேர்த்துவிடுங்கள். கால்வாயில் போனது அடுத்த தெருக் கிணற்றில்தான் வந்து நிற்கும்.

ஆயுத பூஜை

மாமா காரை விற்கவில்லை. ரூ.62 ஆயிரம் போட்ட பிறகு எப்படி விற்க மனசு வரும்?

இப்போது அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். கிலோ மீட்டரையே பார்ப்பதில்லை. சித்திரை முதல் தேதிக்கு ஒரு தடவை. ஆயுத பூஜைக்கு ஒரு தடவை. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு மாதம். எப்படியும் ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். அதற்கு முந்தின நாள் ஆயிலும் மாற்றிவிட்டால் மறக்காது என்கிறார்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காருக்கு லீவும் கிடையாது. செங்கல்பட்டு வரை போய்த் திரும்புகிறார். ஆயில் சூடேற வேண்டுமாம்.

"அந்த சாக்கிலே ஒரு தடவையாவது என்னை வெளியிலே கூட்டிப் போறாரே" என்கிறாள் அக்காள்.